கடைமடைக் குழாய்: சில குறிப்புகள்

“எத்தனை எம்.எல்.டி. பிளான்ட்?” குடிநீர்ப் பொறியாளர்கள் இருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பு இப்படித்தான் தொடங்கும். ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். சென்னைக்குத் தண்ணீர் தரும் செம்பரம்பாக்கம் நிலையம் 530. புழல் 300. வீராணம் ஏரித் தண்ணீருக்காக வடக்குத்தில் கட்டியது 180. திறப்பு விழாக் கல்வெட்டில் ஏறுவதும், சட்டசபையில் வாசிக்கப்படுவதும், நாங்கள் பத்திரிகையில் எழுதுவதும் இந்த எண்தான். நிலையம் செய்யக்கூடியது அது. அன்றைக்குச் செய்தது எவ்வளவு, அதில் எவ்வளவு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் வேறு கணக்கு. பானை எத்தனை படி கொள்ளும் என்று சொல்லிவிட்டு, பந்தியில் அத்தனை பேர் சாப்பிட்டதாக எழுதிவைப்பது மாதிரிதான் இது.

*

ஒரு நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெளியே போகும் தண்ணீரின் கலங்கல் அளவு என்ற பத்தியில் நாள்தோறும் 2.0. திங்கட்கிழமை 2.0, தீபாவளியன்று 2.0, ஆற்றில் செம்மண் வெள்ளம் வந்த வாரத்திலும் 2.0. எழுதியவர் பொய் சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அளக்கும் கருவி பழுதாகி அலமாரியில் கிடக்கிறது. பத்தியைக் காலியாக விட்டால் ஆய்வுக்கு வரும் மேலதிகாரி கேள்வி கேட்பார். 2.0 என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) கலங்கல் 1 என்.டி.யூ.வுக்குள் (என்.டி.யூ. என்பது கலங்கலை அளக்கும் அலகு) இருக்கவேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2.0 அந்த இரண்டுக்கும் நடுவே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

பதிவேடு பார்க்கப் பழகியவர்கள் ஏறி இறங்கும் எண்களைப் பார்த்துக் கவலைப்படுவதில்லை. அசையாத எண்களைத்தான் சந்தேகப்படுவார்கள்.

*

அதே பதிவேட்டில் “உற்பத்தி” என்றொரு பத்தி. மோட்டார் ஓடிய மணி நேரத்தை, மோட்டாரின் தகட்டில் பொறித்திருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற எண்ணால் பெருக்கி எழுதியிருக்கிறார்கள். தகடு பொறித்தபோது பம்ப் புதிது. இம்பெல்லர் தேய்ந்து, குழாயின் உட்புறம் உப்புப் படிந்து, அது இன்றைக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று தகட்டுக்குத் தெரியாது. ஃப்ளோ மீட்டர் இல்லாத நிலையத்தின் திறன் பற்றிய எந்தப் பேச்சும் நம்பிக்கை சார்ந்த விஷயம்தான்.

மீட்டர் இருந்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். இப்போது தொலைவிலிருந்தே கண்காணிக்கும் ஸ்காடா திரைகள் வந்துவிட்டன. பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடுகின்றன, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சென்சாரைத் துடைக்க ஆளில்லாத இடத்தில் அந்தத் திரையும் பழைய பதிவேடுதான். எழுதுகிற கை மட்டும் மாறியிருக்கிறது.

*

ஜார் டெஸ்ட். முழுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்தச் சின்ன மேஜைதான்.

வரிசையாக ஆறு கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் வேறு அளவில் படிகாரக் கரைசல்: லிட்டருக்கு 10 மில்லிகிராம், 20, 30 என்று அறுபது வரை. ஆறு துடுப்புகளும் ஒரே மோட்டாரில் சுற்றுகின்றன. முதல் ஒரு நிமிடம் வேகமாக, பிறகு கால் மணி நேரம் நிதானமாக. அதன்பின் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெள்ளம் வடியும் நாளொன்றில், ஒரு நிலையத்தில் வேலைபார்த்த கெமிஸ்ட் அம்மா செய்துகாட்டினார். டீ நிறத்தில் இருந்தது தண்ணீர். “மொத ரெண்டப் பாக்காதீங்க சார், அதுல ஒண்ணும் புடிக்காது. நாலாவதப் பாருங்க” என்றார். நாலாவது குவளையில் பொடிப்பொடியாக ஏதோ திரண்டது. பிறகு பஞ்சு மாதிரி ஆகி, மெல்லத் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது. ஐந்தாவதிலும் அதே தெளிவு. ஆறாவதில் பஞ்சு சிறுத்து மிதந்துகொண்டே இருந்தது. “நாப்பது போதும். அம்பது போட்டாலும் இதே தெளிவுதான், காசு வீண். அறுபது போட்டா கெடும்” என்று சொல்லிவிட்டு, டோசிங் அறைக்குப் போன் செய்து நாற்பது என்றார்.

படிகாரம் கூடினால் தெளிவும் கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம். படிகாரம் வேலைசெய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்கிறது: ஒரு மில்லிகிராமுக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம். காரத்தன்மை குறைந்த மழைக்காலத் தண்ணீரில் அளவு மிஞ்சினால் பி.எச். சரிந்து, பஞ்சு திரளாமல், அலுமினியம் கரைந்த நிலையிலேயே வீட்டுக்குப் போகும்.

இனி கணக்கு. 30 எம்.எல்.டி. நிலையத்தில் தேவைக்கு மேல் லிட்டருக்கு 5 மில்லிகிராம் படிகாரம் போட்டால் நாளைக்கு 150 கிலோ. ஆண்டு முழுவதும் அப்படியே நடந்தால் சுமார் 55 டன். ஆறு குவளையும் ஒரு மணி நேரமும் மிச்சப்படுத்தக்கூடியது இது. ஆனால் பல இடங்களில் “எப்பவும் முப்பதுதான் போடுவோம்” என்பதே விதி. ஆற்றுக்கு அந்த விதி தெரிவதில்லை.

*

வடிகட்டி. மேலே தண்ணீர், கீழே மணல், அதன்கீழ் சரளை. ஒன்றிரண்டு நாள் ஓடியதும் மணல் அடைத்துக்கொள்ளும். அப்போது கீழிருந்து காற்றையும் தண்ணீரையும் செலுத்தி மணலைக் கழுவுவதுதான் பேக்வாஷ். கழுவுவதற்குச் செலவாவது சுத்திகரித்து முடித்த நல்ல தண்ணீர்.

உற்பத்தியில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இதை முடித்துக்கொண்டால் நல்ல நிலையம். ஐந்து சதவீதம் என்றால் எங்கோ கோளாறு. அநேகமாகக் கோளாறு வடிகட்டியில் இராது, அதற்கு முன்னாலிருக்கும் கிளாரிஃபையரில் இருக்கும். அங்கே சரியாகப் படியாதது இங்கே வந்து மணலை அடைக்கிறது. 30 எம்.எல்.டி.யில் ஐந்து சதவீதம் 15 லட்சம் லிட்டர். இரண்டு சதவீதம் 6 லட்சம். இடையிலுள்ள 9 லட்சம் லிட்டர், தலைக்கு 55 லிட்டர் என்ற கிராமப்புற அளவில், பதினாறாயிரம் பேருக்கான ஒருநாள் தண்ணீர். இதற்காக யாரும் புது அணை கட்டவேண்டியதில்லை.

கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, சேறு படியவிட்டு, மேல்தண்ணீரைத் திரும்ப நிலையத்தின் தலைப்புக்கே அனுப்பலாம். புது நிலையங்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது. பழையவற்றில் பக்கத்து ஓடைதான் கதி.

*

மின்சாரம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நடைமுறைச் செலவில் பெரும்பங்கு கரண்ட் பில். மருந்துச் செலவெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லையென்றால் 0.27 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனில் ஓடினால் 0.39 யூனிட் ஆகும். தேய்ந்துபோய் 50 சதவீதத்துக்கு வந்துவிட்டால் 0.55. பார்வைக்கு அற்ப வித்தியாசம். நாளைக்கு 10 எம்.எல்.டி. ஏற்றும் நிலையத்தில் அது சுமார் 1,550 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு நாற்பது லட்சம் ரூபாய்க்குப் பக்கம். அந்தத் தேய்ந்த பம்ப் ஒருநாளும் நின்றுபோகவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை, தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மாற்று என்று கோப்பு எழுதுவதற்கு, பழுதான பம்பை மாற்று என்று எழுதுவதைவிட நூறு மடங்கு தைரியம் வேண்டும்.

ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற ஒரே எண்ணை மாதாமாதம் எழுதி வந்தாலே போதும். பம்பின் உடம்பு, வால்வின் நிலை, குழாயின் அடைப்பு எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

சரிவு கிடைத்த இடத்தில் அதைப் பயன்படுத்தியவர்களையும் சொல்லவேண்டும். வீராணம் தண்ணீர் வடக்குத்தில் சுத்தமாகி, காடாம்புலியூர் மேட்டிலுள்ள தொட்டிவரைதான் பம்ப் செய்யப்படுகிறது. அங்கிருந்து போரூர்வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் புவியீர்ப்பிலேயே ஓடுகிறது. கரண்ட் பில் இல்லாத 200 கிலோமீட்டர்!

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கடல்நீர். மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் தலா 100 எம்.எல்.டி. நிலையங்கள், நெம்மேலியில் 2024இல் இன்னொரு 150. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் ஆகும். மூன்றரை என்று வையுங்கள். வழியில் முப்பது சதவீதம் ஒழுகினால், வீட்டுக்கு வந்துசேர்ந்த ஆயிரம் லிட்டருக்கு 5 யூனிட். ஆக, ஒழுகலை அடைக்காமல் கடலுக்குப் போவது பணக்காரத்தனம்.

*

தமிழ்நாட்டின் பல பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையமே கிடையாது என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். காவிரி, கொள்ளிடம், தாமிரபரணிப் படுகைகளில் ஆற்றுக்குள்ளேயே நீர்சேகரிப்புக் கிணறுகள். கிணற்றடியிலிருந்து நாலாபுறமும் மணலுக்குள் துளைக்குழாய்கள் நீண்டிருக்கும். ஆற்றுத் தண்ணீர் மணலில் ஊறி, வடிந்து, தெளிந்து கிணற்றுக்குள் வருகிறது. குளோரின் மட்டும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். திருச்சியருகே காவிரியிலிருந்து ராமநாதபுரம்வரை தண்ணீர் போவது இந்த வழியில்தான்.

படிகாரம் வேண்டாம், பேக்வாஷ் வேண்டாம், ஆள் வேண்டாம். இதைவிடத் திறமையான சுத்திகரிப்பு நிலையத்தை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. அந்த வடிகட்டியைத்தான் லாரி லாரியாக அள்ளி வீடு கட்டினோம். மணல் மட்டம் இறங்கியதும் கிணற்றின் ஊற்றும் இறங்கிற்று. மணல் அள்ளியதன் கணக்கு ஒரு துறையில் வருமானம், கிணறு வற்றியதன் கணக்கு இன்னொரு துறையில் செலவு. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் யார்?

*

தருமபுரி, கிருஷ்ணகிரி. அங்கே பிரச்சினை ஃபுளோரைடு. பாறைக்குள்ளிருந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், அதிகபட்சம் 1.5. தாண்டினால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தால் எலும்பு இறுகி, மூட்டு மடங்காமல், முதுகு வளையும். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நீர் ஆவியாக ஆக, மிஞ்சிய தண்ணீரில் அது அடர்த்தியாகத்தான் ஆகும். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்து நீக்கும் நல்கொண்டா முறை ஒன்று இருக்கிறது. தெலங்கானா மாவட்டத்தின் பெயர். நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கியது. ஊர் ஊராக அதை அன்றாடம் ஒழுங்காகச் செய்வது பெரும்பாடு.

ஆகவே, மண்ணுக்குள்ளிருக்கும் தண்ணீரை விட்டுவிட்டு ஒகேனக்கல்லில் காவிரியை எடுத்து, சுத்திகரித்து, இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் அனுப்புவது என்று முடிவாயிற்று. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் தந்தது. 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது. தண்ணீர் தருவதோடு நிற்காமல், ஒரு நோயைக் குறைப்பதாகவும் பொறுப்பேற்றுக்கொண்ட திட்டம். அந்த வகையில் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு.

இந்தப் பகுதியில் ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் நின்றுகொண்டு ஆபரேட்டரிடம் பேசினேன். ஐம்பது வயதிருக்கும், கையில் வால்வு திருப்பும் நீளச் சாவி. தொட்டிக்கு இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. ஒன்று ஆற்றுத் தண்ணீர், மற்றது ஊர் போர்.

“ரெண்டையும் ஒண்ணா ஏத்துவீங்களாண்ணே?”

“ஆத்துத் தண்ணி பத்தற அன்னைக்கு அத மட்டும் உடுவமுங்க. பத்தலன்னா போரையும் தொறந்து உட்டுருவன். இல்லாட்டி மேலத் தெருவுக்கு ஏறாதுங்களே. பொம்பளைங்க கொடத்தோட வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?”

அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றுவது அவருடைய வேலை, அதை அவர் செய்கிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அரை மில்லிகிராம், போர் தண்ணீரில் 3 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.75. வரம்பைத் தாண்டிவிட்டது. மலையேறிக் காடுதாண்டி வந்த ஆற்றுத் தண்ணீரின் பலனை, தொட்டியடியில் ஒரு வால்வு அழித்துவிடுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வறிக்கையில் எல்லாம் சரியாகவே இருக்கும். மாதிரி எடுத்த இடம் நிலையத்தின் வாசல் அல்லவா!

பாசனத்தில் நமக்கு இது நன்றாகத் தெரியும். அணையில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று செய்தி வரும். விவசாயி கேட்பது கடைமடைக்கு வந்ததா என்று. குடிநீரில் மட்டும் ஏனோ தலைமடைக் கணக்கோடு திருப்திப்பட்டுவிடுகிறோம்.

தருமபுரியில் அளக்கவேண்டியதை நான் இப்படி எழுதிவைத்தேன்: கடைசித் தொட்டியின் குழாயில் ஃபுளோரைடு, மாதம் ஒருமுறை. பள்ளிக்கூடத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளின் புதிதாக முளைத்த முன்பற்கள், ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டாவதைப் பொறியாளர்கள் தங்கள் வேலை இல்லை என்பார்கள். சுகாதாரத் துறை தண்ணீர் தங்கள் வேலை இல்லை என்னும். நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் தரத்தை அந்தப் பற்கள் பிற்பாடு காட்டிக்கொடுக்கும். எந்த சென்சாரும் அவ்வளவு நேர்மையானதில்லை.

*

குளோரின். நிலையத்தில் சேர்த்தது குழாயில் போகப்போகக் கரைந்துகொண்டே வரும். குழாய்ச் சுவர் தின்னும், அழுக்கு தின்னும், வெயில் தின்னும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கவேண்டும். நீண்ட பாதையில் நடுவழியிலும் சேர்த்தால்தான் அது நடக்கும்.

கிராமத்தில் இது ப்ளீச்சிங் பவுடரை நம்பியிருக்கிறது. 60,000 லிட்டர் தொட்டிக்கு, 25 சதவீதம் வீரியமுள்ள பவுடர் 240 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். மூட்டையைத் திறந்து ஈரமான அறையில் வைத்திருந்து வீரியம் 10 சதவீதமாகிவிட்டால் அதே 240 கிராம் 0.4 தான் தரும். எடை சரி, பதிவேடு சரி, வாளி சரி. சரியாகப் போட்டாலும் “மருந்து வாடை அடிக்குது” என்று ஊரில் சண்டை. சோதனைக் குப்பியில் பத்து மில்லி தண்ணீர் பிடித்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சளாகும். இப்போது வரும் மாத்திரையைப் போட்டால் ரோஜா நிறம். நிறம் வராவிட்டால் குளோரின் இல்லை. இதைவிடச் சுலபமான அளவீடு உலகில் உண்டா?

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பழக்குவது என்று வைத்தார்கள். நல்ல யோசனை. தண்ணீர் சரியில்லை என்று அந்த அக்கா எழுதிக்கொடுத்தால், பதில் சொல்லவேண்டியவர் யார், எத்தனை மணி நேரத்தில் என்பதும் பெட்டியோடு சேர்ந்து வந்திருக்கலாம்.

*

இழப்புச் சதவீதம் பற்றி ஒரு எச்சரிக்கை.

2008இல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் சேவைத் தர அளவுகோல்களை வெளியிட்டது. தலைக்கு 135 லிட்டர், 24 மணி நேர விநியோகம், கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள், எல்லா இணைப்புக்கும் மீட்டர். ஊருக்கு ஊர் ஒப்பிட அது உதவியது. ஆனால் சதவீதம் ஏமாற்றும். இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், மற்ற நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. வெறுங்குழாயில் எது ஒழுகும்? அந்த ஊரின் இழப்பு குறைவாகத் தெரியும். அதே ஊர் 24 மணி நேர விநியோகத்துக்கு மாறினால் அத்தனை ஓட்டைகளும் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வரும். நிர்வாகம் பயந்து பின்வாங்குவது அந்த வாரத்தில்தான்.

வெறுங்குழாய்க்கு இன்னொரு குணம். அழுத்தம் இல்லாத நேரத்தில் ஓட்டை வழியே வெளியே இருப்பது உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் சாக்கடை. நிலையத்தில் ஒரு என்.டி.யூ.வுக்காகப் பாடுபட்டது தெருமுனையில் பாழ்.

கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993இல் இழப்பு 72 சதவீதம். ஏக் சோன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். மீட்டர் பொருத்தப் போன வீட்டில் ராணுவ உயரதிகாரி துப்பாக்கியைத் தலைக்கு நேரே நீட்டிய கதையை அவரே சொல்லியிருக்கிறார். மீட்டர் பொருத்தியாயிற்று. இழப்பு ஆறு சதவீத அளவுக்கு இறங்கியது. 2006இல் அவருக்கு மகசேசே விருது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் ஒடிசாவின் புரி. 2021 ஜூலையில் நகரம் முழுவதும் 24 மணி நேரமும் குழாயிலேயே குடிக்கும் தரத்தில் தண்ணீர் என்று அறிவித்தார்கள். அங்கே ஜல் சாத்தி என்று சுய உதவிக்குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் மீட்டர் அளவு எடுக்கிறார்கள், தண்ணீர் சோதிக்கிறார்கள், கட்டணமும் வசூலிக்கிறார்கள். அளப்பவருக்கும் குடிப்பவருக்கும் நேரடியாக முகம் தெரிகிறது.

*

இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஊர் தூங்குகிறது. 24 மணி நேர விநியோகம் உள்ள பகுதியில் அந்த நேரத்தில் மீட்டரில் ஓடுவது பெரும்பாலும் ஒழுகல்தான். இதைப் பார்த்தே எந்தத் தெருவைத் தோண்டுவது என்று சொல்லிவிடுவார்கள். இதற்கு வேண்டியது பகுதிக்கு ஒரு மீட்டர், தூக்கம் கெடத் தயாரான ஒருவர்.

*

தமிழ்நாட்டில் இதெல்லாம் பேசப்படாமல் இல்லை. 1971இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்கள் 2004 வாக்கில் தங்களுக்குள்ளேயே ஒரு முயற்சி தொடங்கினார்கள். பதவி வித்தியாசம் பார்க்காமல் வட்டமாக உட்கார்ந்து பேசுவது, புதுத் திட்டம் போடுமுன் இருக்கிற திட்டத்தை ஒழுங்காக ஓட்டுவது, ஊர்க்காரர்களையும் அந்த வட்டத்தில் உட்காரவைப்பது. “கூடம்” என்று பெயர். மறைமலைநகர் பிரகடனம் என்று ஒன்றும் வெளியிட்டார்கள். பழைய பொறியாளர்கள் சிலர் இன்றும் அந்த நாட்களைப் பற்றிக் கண்ணில் ஒளியோடு பேசுகிறார்கள். கோடிக்கணக்கில் புதுக் குழாய் போடும் திட்டங்களுக்கு நடுவில் அப்படிப்பட்ட முயற்சி தாக்குப்பிடிப்பது கஷ்டம். பராமரிப்புக்குத் திறப்பு விழா கிடையாது.

*

கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களிலும் டீக்கடைக்குப் பின்னால் 20 லிட்டர் கேன்கள் அடுக்கியிருக்கின்றன. டெம்போ வருகிறது, இறக்குகிறது, காலிக் கேனை எடுத்துப் போகிறது. குழாய்த் தண்ணீருக்கு மாதம் கொடுப்பதைவிட அதிகமாகக் கேனுக்குக் கொடுக்கும் வீடுகள் ஏராளம். வீட்டு ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள், ஒரு குடம் குடிக்க ஒரு குடத்துக்கு மேல் கழிவாக விடுகிறார்கள். இதைப் பொறியாளர்கள் “மக்களின் தவறான எண்ணம்” என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கேன் வியாபாரியின் நோட்டுப் புத்தகம் இருக்கிறதே, அதில் தெருவாரியாக எத்தனை கேன் போகிறது என்று இருக்கும். எந்தத் தெருவில் குழாயை நம்பவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. யாராவது ஒரு உதவிப் பொறியாளர் அதை வாங்கிப் பார்த்து, தன்னுடைய குழாய் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்.

*

சேறு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. படிகாரம் பிடித்துக் கீழே இறங்கிய பஞ்செல்லாம் கிளாரிஃபையர் அடியில் கறுப்பும் பழுப்புமாகத் திரள்கிறது. நாளைக்கு ஒன்றிரண்டு முறை வால்வைத் திறந்து வெளியேற்றுகிறார்கள். புது நிலையத்தில் உலர்த்தும் பாத்திகள் இருக்கின்றன. நான் பார்த்த ஒரு பழைய நிலையத்தில் அது நேராக ஆற்றுக்கே போயிற்று, நீர் எடுக்கும் கிணற்றுக்குக் கொஞ்சம் கீழே. அதற்குக் கீழே அடுத்த ஊரின் கிணறு. செங்கல் சூளையில் இந்தச் சேற்றைக் களிமண்ணோடு கலந்து பார்த்திருக்கிறார்கள், பல நாடுகளில் ஆய்வுகள் உண்டு. இங்கே எந்தச் சூளைக்காரராவது வாங்கிக்கொள்கிறாரா, வண்டி வாடகை கட்டுப்படியாகிறதா என்று விசாரிக்கவேண்டும். மழைக்கு முன் போனால் பாத்திகள் காய்ந்திருக்கும், எடை போட்டுப் பார்க்கலாம்.